காவலும் சத்தமும்

ரோந்து வருகிற போலீஸ்காரருடைய வண்டி சத்தம் போட வேண்டுமா, போடக் கூடாதா?

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ பெரிய தர்மசங்கடங்கள் தீர்க்கப்படாமல் கிடக்க, ஒரு மோட்டார் சைக்கிளின் சைலென்ஸரைப் பற்றியா விசாரம் என்கிறார்கள். என்னால் அப்படிச் சிரித்துவிட முடியவில்லை. நான் வடசென்னையில் குடியிருப்பவன். இங்கே இரவு பதினொரு மணிக்கு மேல் தெருவில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரியின் உறுமல் ஒன்று. காசிமேட்டில் விசைப்படகு கிளம்புகிற சத்தம் ஒன்று. கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற சத்தம் ஒன்று. இவற்றுக்கு நடுவில் போலீஸ் வண்டி வருகிற சத்தம் கேட்டால் தூக்கத்தில் இருக்கிறவர்களில் சிலர் நிம்மதியாகப் புரண்டு படுப்பார்கள். வேறு சிலர் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். இந்த இரண்டு வகை மனிதர்களில் யாரை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வண்டியை வாங்கினார்கள் என்பதுதான் நான் கேட்க விரும்புவது.

கேள்வி ஒன்றும் புதிதல்ல. இரவில் கூர்க்கா தடியைத் தரையில் தட்டிக்கொண்டு, விசிலை ஊதிக்கொண்டு போகிறார். சிறு வயதில் நாம் எல்லோருமே ஒரு தடவையாவது கேட்டிருப்போம்: இப்படித் தட்டிக்கொண்டு போனால் திருடன் ஓடிவிட மாட்டானா? ஓடிவிடுவான். ஓடட்டும் என்பதுதான் ஏற்பாடு. மாதம் பிறந்ததும் வீட்டுக்கு இவ்வளவு என்று கூர்க்காவுக்கு நாம் கொடுப்பது திருடனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவதற்காக அல்ல. திருட்டு நடக்காமல் இருக்க வேண்டும். நாம் தூங்குகிறபோது ஒருவர் விழித்திருக்கிறார் என்பது அரைத் தூக்கத்திலும் நமக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். மதுரைக் காஞ்சியில் வருகிற ஊர்க்காவலர் வேறு ஜாதி. தெருவில் மழைத் தண்ணீர் திரண்டு ஓடுகிற நடுநிசியிலும் சோர்வில்லாமல் சுற்றி வருகிறார்கள். கள்வருடைய போக்கை அறிந்து, குறி தப்பாத அம்போடு திரிகிறார்கள். அவர்கள் தடியைத் தட்டிக்கொண்டு போனதாக மாங்குடி மருதனார் சொல்லவில்லை. ஆகவே, தான் வருவதை அறிவித்துக்கொண்டு வருகிற காவல் ஒன்று, அறிவிக்காமல் வருகிற காவல் ஒன்று. இரண்டும் நம்மிடம் வெகு காலமாக இருக்கின்றன.

மோட்டார் வந்த பிறகு இந்தக் கேள்வி எங்கள் பகுதிக்கே உரிய கேள்வியாகிவிட்டது. ஏனென்றால் இந்த நாட்டின் ராணுவத்தாரும் போலீஸ்காரர்களும் பல்லாண்டு காலம் ஏறிச் சுற்றிய புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் செய்யப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைப் பகுதிகளில் ரோந்து சுற்ற ராணுவத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து நூற்றுக்கணக்கில் தருவித்தார்கள். 1955-ல் அந்தக் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்து இறங்கிய பாகங்களைப் பூட்டிக் கொடுத்தார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யும் நிலைமை வந்துவிட்டது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி முடிந்துபோயிற்று. தாய் வீடு பூட்டிக் கிடக்க, மகள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 2013-ல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை வந்த பிறகு வேலையின் மையம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆனாலும் காலடிப்பேட்டைப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால், அந்தத் தொழிற்சாலையில் ஆயுசைக் கழித்த யாராவது ஒருவரோடு பேசாமல் எழுந்திருக்க முடியாது.

அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "எத்தனையோ வண்டி இருக்க, ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஏன் இதை எடுத்தார்கள்? இதைவிட வேகமாகப் போகிற வண்டி அந்தக் காலத்திலும் இருந்ததே?"

"வேகத்துக்கா எடுத்தாங்க தம்பி?" என்றார் அவர். "காட்டுல மேட்டுல இது நின்னு போச்சுன்னா, எந்த ஊர்லயும் ஒரு சைக்கிள் கடைக்காரன் பிரிச்சுப் பூட்டிக் குடுத்துடுவான். அதுக்குத்தான் எடுத்தாங்க. இது அவசரப்படாத வண்டி."

அவசரப்படாத வண்டி என்று அவர் சொன்னது கணக்கிலும் சரியே. பழைய புல்லட்டில் 70 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. அகலத்தைக் காட்டிலும் நீளம் அதிகம். அதனால் மெதுவாகப் போகும்போதும் இழுவை குறையாது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும். டப், டப், டப் என்று இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்தே அது வருவது தெரியும். யாரும் திட்டமிட்டு அந்தச் சத்தத்தை வைக்கவில்லை. ஆனால் போலீஸ்காரர் ஏறி உட்கார்ந்ததும் அது கூர்க்காவின் தடியாகிவிட்டது. சந்து முனையில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்வார்கள். இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வருகிற பெண் நடையைக் கொஞ்சம் தளர்த்துவாள். சில கடைக்காரர்களுக்கு அந்தச் சத்தம் கல்லாப் பெட்டியை ஞாபகப்படுத்தியதாகவும் சொல்வார்கள். அந்த அத்தியாயத்தை வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்பது துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அந்தத் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த வகையில் சைக்கிள் கம்பெனி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பீரங்கியைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது. 1857-ல் சிப்பாய்கள் எந்தத் துப்பாக்கியின் தோட்டாவைப் பல்லால் கடிக்க மறுத்தார்களோ, அதுவும் என்ஃபீல்டுதான். அந்தப் பெயரோடு 'குண்டு' என்று பொருள்படும் புல்லட்டும் சேர்ந்து, அமைதியைக் காக்க வருகிறவரின் வாகனத்துக்குப் பெயராக அமைந்தது! பெயரை வைத்து ஒரு நல்ல வண்டியைப் பழிப்பது அழகல்ல. ஆனால் 1920-லும் 1921-லும் பெரம்பூர் பக்கிங்ஹாம் - கர்னாடிக் மில் போராட்டங்களின்போது போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்த பகுதி இது. வடசென்னைக்காரனுடைய காதுக்கு அந்தச் சொல் வெறும் சொல்லாக ஒலிப்பதில்லை. அரசனுக்குச் சொல்ல வேண்டியவற்றுள் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர். குடிகள் அஞ்சும்படியானதைச் செய்யாதிருத்தல் என்பது அதன் பொருள். குடிகள் அஞ்சும்படி ஒலிக்காதிருத்தலும் அதில் அடங்குமா என்று சில இரவுகளில் நான் யோசித்ததுண்டு.

புல்லட் இங்கே வந்து இறங்கிய அதே காலத்தில் இங்கிலாந்துப் போலீசார் தங்கள் தெருக்களைச் சுற்றுவதற்கு வேறொரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். ரெட்டிச்சுக்குப் பக்கத்திலேயே பர்மிங்ஹாம் நகரில் வெலோசெட் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1948-ல் அது எல்.இ. என்ற சிறிய வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. தண்ணீரால் குளிர்விக்கப்படும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். முதலில் 149 சி.சி., பிறகு 192 சி.சி. வேகத்தில் சாது. ஆனால் சத்தம் என்பதே ஏறக்குறையக் கிடையாது. பொது ஜனங்கள் அதை அவ்வளவாக விரும்பவில்லை. போலீஸ் படைகள், ஐம்பதுக்கு மேற்பட்டவை, விரும்பி வாங்கின. அதற்கு 'நாடி வண்டி' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. நாடி என்றால் அவர்கள் பாஷையில் தலையாட்டி. மேலதிகாரி எதிரே வந்தால் கான்ஸ்டபிள் சல்யூட் அடிக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் கையை எடுத்தால் விழுந்து வைப்பார். ஆகையால் தலையை ஆட்டினால் போதும் என்று அனுமதித்தார்கள் என்பது கதை. நெடுஞ்சாலையில் துரத்துவதற்கு அவர்களும் வேகமான வண்டிகளை வைத்திருந்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் தெருச் சுற்றிய கான்ஸ்டபிளுக்குக் கொடுத்ததுதான் இந்த ஊமை வண்டி.

இதைப் படித்தபோது, திருடனுக்குத் தெரியாமல் போய்ப் பிடிப்பதற்காக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுவும் ஒரு காரணமே. ஆனால் சத்தமில்லாத வண்டியில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. அதில் போகிறவருக்குத் தெரு கேட்கும். கண்ணாடி உடைகிற சத்தம், பூட்டை நெம்புகிற சத்தம், கதவுக்குப் பின்னால் ஒரு பெண் அடக்கிக்கொண்டு அழுகிற சத்தம் எல்லாம் நடந்து போகிறவருக்குக் கேட்பது போலவே அவருக்கும் கேட்கும். அப்படியானால் நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வியை அப்படியே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. போலீஸ் வண்டி நமக்குக் கேட்கிறதா என்பது ஒரு விஷயம்; வண்டியில் போகிறவருக்கு நாம் கேட்கிறோமா என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா ஒருத்தி எங்கள் தெருவுக்கு வாடிக்கை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், ஏலத்துக்குப் போக நடுராத்திரிக்கு மேல் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறாள். சந்து முனையில் இரண்டு பையன்கள் அவளை மறித்து, காதில் கிடந்த கம்மலை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். காது அறுந்துவிட்டது. ஆயா மெயின் ரோட்டுக்கு ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்து, சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல, ஒரு போலீஸ் ரோந்துக் கார் அவளைக் கடந்து போயிற்று. அவள் கை தட்டினாள், கூப்பிட்டாள், கார் நிற்கவில்லை. திரும்பி அடுத்த சுற்று வந்தபோதுதான் பார்த்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர்களே கூட்டிக்கொண்டு போய்த் தையல் போடுகிற வரைக்கும் உடன் இருந்தார்கள். எந்த ஸ்டேஷன் வண்டி என்று நான் சொல்லப் போவதில்லை. ஆயாவும் அவர்கள் மேல் குறை சொல்லவில்லை.

"கண்ணாடிய ஏத்திக்கினு போறாங்கோ. உள்ள ஏசி ஓடுது. கொரலு எப்பிடி நைனா கேக்கும்? நீயே சொல்லு" என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் காரை வாங்கிய காகிதங்களில் எஞ்சினின் அளவு இருந்திருக்கும். எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை வருஷம் உத்தரவாதம், பழுது பார்க்க எங்கே வசதி என்பதெல்லாம் இருந்திருக்கும். சர்க்கார் வண்டி வாங்குவதை நான் பரிகசிக்கவில்லை. அது சாமானியக் காரியமல்ல. போலீஸ் படைகளை நவீனப்படுத்த மத்திய சர்க்கார் 1969 முதல் ஒரு திட்டம் நடத்தி வருகிறது. போலீஸ் ஆராய்ச்சிக்கென்று 1970-ல் டில்லியில் ஏற்படுத்திய ஸ்தாபனம் ஒன்று, எந்தப் படைக்கு எத்தனை வாகனம் வேண்டும் என்றெல்லாம் அளவு சொல்கிறது. நமது ராஜ்யத்தில் 1998-ல் இயற்றிய டெண்டர் சட்டம் இருக்கிறது. கேட்ட தகுதிகளெல்லாம் இருந்து, விலையும் குறைவாகச் சொல்கிறவருக்கே கொடுக்க வேண்டும். நல்ல சட்டம், வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுப்பதற்குக் கடிவாளம் போடுகிற சட்டம். ஆனால் காகிதத்தில் எழுதக்கூடிய தகுதியைத்தான் எந்தச் சட்டமும் கேட்க முடியும். சி.சி.யை எழுதலாம், விலையை எழுதலாம். கூப்பிட்டால் கேட்குமா என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணப் போலீசார் ஒவ்வொரு வருஷமும் ரோந்து வாகனங்களை ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறார்கள். எத்தனை விநாடியில் வேகம் பிடிக்கிறது, பிரேக் போட்டால் எத்தனை அடியில் நிற்கிறது, உச்ச வேகம் என்ன என்று அளந்து முடிவுகளை வெளியிடுகிறார்கள். ஓட்டுகிறவருடைய ஆசனம், வயர்லெஸ் முதலிய கருவிகளை வைக்கிற இடம் இவற்றுக்குக்கூட மதிப்பெண் உண்டு. மற்றப் படைகள் அதைப் பார்த்து வாங்குகின்றன. மெச்ச வேண்டிய ஏற்பாடுதான். ஆனாலும் அந்தப் பரீட்சையில் ஓடுதளம் காலியாக இருக்கிறது. கை தட்டிக் கூப்பிட அங்கே ஓர் ஆயா நிற்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு, பார்ப்பதற்காக வைத்திருக்கிற போலீஸ் வண்டி. துபாய் போலீசார் 2013-ல் லம்போர்கினி வாங்கினார்கள்; உலகமெங்கும் பத்திரிகைகளில் படம் வந்தது. இத்தாலியப் போலீசுக்கு அதே கம்பெனி 2004-ல் ஒரு காரை அன்பளிப்பாகவே கொடுத்தது. அவர்கள் மாற்று அறுவை சிகிச்சைக்கான உறுப்புகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல அதைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வண்டி செய்கிற கம்பெனிகள் போலீசுக்கு வண்டிகளை இனாமாகக் கொடுக்கிற வழக்கம் நம் நாட்டிலும் பல நகரங்களில் உண்டு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாடு வீட்டுக் கொட்டிலில் நிற்பதாக இருந்தால் சரி. ஊரார் தெருவில் நடக்கப் போகிற மாட்டைப் பல்லையும் பார்க்க வேண்டும், குளம்பையும் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருக்களோ எந்த மாட்டையும் சோதித்துவிடும். பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் எதிரே ஒரு மீன்பாடி வண்டி வந்தால் கார் பின்னோக்கித்தான் போக வேண்டும் என்கிற சந்துகள் எத்தனையோ. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், உச்ச வேகம் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கிற சங்கதி. கடற்காற்றின் உப்பும் மணலிப் பக்கத்துப் புகையும் சேர்ந்து எந்த இரும்பையும் தின்னும். எந்த ஸ்டேஷன் வாசலிலும் துருப்பிடித்துக் கிடக்கிற வண்டிகளைப் பார்த்தால் இது விளங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் ஊருக்குள் உதவிக்கு வந்தவை மீனவர்களின் படகுகள். அந்த நாட்களில் எந்தக் கம்பெனிக் காரும் ஒன்றுதான்.

வண்டியில் சுற்றுவதால் என்ன பலன் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையே நடத்திப் பார்த்தார்கள். 1972 - 73-ல் கான்ஸாஸ் நகரில் பதினைந்து வட்டாரங்களை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தில் ரோந்துக் கார்களை அடியோடு நிறுத்தி, கூப்பிட்டால் மட்டும் போவது என்று வைத்தார்கள். ஐந்தில் வழக்கம் போல் விட்டார்கள். மீதி ஐந்தில் ரோந்தை இரண்டு மூன்று மடங்கு அதிகமாக்கினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குற்றங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மக்களுடைய பயத்திலும் இல்லை. தங்கள் தெருவில் ரோந்து நின்றுபோனதையோ பெருகியதையோ அவர்கள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை! சில வருஷம் கழித்து நியூவார்க் என்ற ஊரில் கால்நடை ரோந்தைச் சோதித்தார்கள். அங்கேயும் குற்றம் குறைந்துவிடவில்லை. ஆனால் போலீஸ்காரர் நடந்து வந்தால் மக்களுக்குத் தெரிந்தது. அவர்கள் பயம் குறைந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கண்ணாடி ஏற்றிய கார் சுற்றிச் சுற்றி வந்தாலும் உள்ளே இருப்பவருக்கு வெளியே இருப்பவர் தெரிவதில்லை, வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரிவதில்லை என்று எனக்குப் படுகிறது.

இந்த ஞானத்தையெல்லாம் சுமந்துகொண்டு, ஓய்வு பெற்ற ஒரு ஏட்டையாவிடம் போனேன். மனிதர் சைக்கிளில் பீட் பார்த்தவர், புல்லட்டின் பின்னால் உட்கார்ந்து போனவர், ஜீப்பில் போனவர், கடைசி வருஷங்களில் காரில் போனவர். வீட்டுச் சுவரில் தொங்குகிற நோட்டில் கையெழுத்துப் போட்டு, தான் வந்துபோனதற்குச் சாட்சி வைத்துவிட்டுப் போன இரவுகள் அவர் கணக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

"எந்த வண்டியில் போகும்போது தெரு நன்றாகக் கேட்டது, ஏட்டையா?" என்றேன்.

"இதென்ன கேள்வி ஸார்! சைக்கிள்லதான். ஒரு வீட்டுல கொழந்தைக்கு இருமல்னாக்கூட எனக்குத் தெரியும்."

"அப்படியானால் சைக்கிளே போதுமே?"

அவர் எழுந்து உள்ளே போய், இரண்டு டம்ளர் காப்பியோடு திரும்பி வந்தார். உட்கார்ந்து வேட்டியை முழங்கால் வரைக்கும் ஏற்றிக் காட்டினார். கெண்டைக்காலில் நரம்புகள் கயிறு கயிறாகச் சுருண்டு புடைத்துக்கொண்டிருந்தன.

"இது சைக்கிளும் நின்னுக்கிட்டே பாத்த பந்தோபஸ்தும் குடுத்தது. ராத்திரி பத்து மணிலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் சுத்திட்டு, எட்டு மணிக்கு மந்திரி வராருன்னு ரோட்ல போய் நிக்கணும். மே மாசத்துல யூனிபாரத்தோட அந்தக் காருக்குள்ள கண்ணாடிய எறக்கி வெச்சுக்கிட்டு ஒரு ராத்திரி ஒக்காந்து பாருங்க ஸார், அப்பறம் பேசலாம்." காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னார்: "இன்னொண்ணு. காதுல கேட்டாப் போதுமா? போய்ச் சேர வேணாமா? தண்டையார்பேட்டைல நான் சைக்கிள்ல இருக்கறப்ப திருவொற்றியூர்ல ஒருத்தி நூறுக்குப் போன் பண்ணா, நான் மிதிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள அவ கதை முடிஞ்சுடும். கார் இருந்தா காப்பாத்தலாம்."

அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. நடந்து வருகிற போலீஸ்காரரைப் பற்றி நாம் ஏக்கத்தோடு எழுதுகிறோம். அந்த நடை யாருடைய கால் என்பதை எழுதுவதில்லை. எனக்கு நிம்மதியான தூக்கம் வருவதற்காக இன்னொருவர் கால் நரம்பு சுருள வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? மாதச் சம்பளம் கொடுக்கிறோமே என்பது பதிலாகாது. சம்பளம் வேலைக்கு, நரம்புக்கு அல்ல. தொலைவில் இருக்கிற ஒருத்தி போனில் கூப்பிடுகிறாள், அருகில் இருக்கிற ஒருத்தி வாயால் கூப்பிடுகிறாள். முதலாமவளுக்கு வேகமான வண்டி வேண்டும். இரண்டாமவளுக்குக் காது திறந்த வண்டி வேண்டும். ஒரே வண்டி இருவருக்கும் முழுதாகப் பயன்படுவது அரிது. எதை வாங்கினாலும் இருவரில் ஒருத்திக்குக் கொஞ்சம் துரோகம் செய்கிறோம்.

ஆனால், நமது காலத்தில் அந்தத் துரோகம் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது என்பதுதான் என் ஆட்சேபணை. போனில் வந்த கூப்பாடு பதிவாகிறது. எத்தனை மணிக்கு வந்தது, வண்டி எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது என்று மேலதிகாரிகள் கேட்கிறார்கள். மெயின் ரோட்டில் நின்று கத்திய கூப்பாடு எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. கேட்காமல் போன குரலுக்குக் கணக்கு ஏது? எனவே வருஷா வருஷம், கணக்கில் வருகிறவளுக்கு ஏற்ற வண்டியையே வாங்குவோம். வாங்குகிறவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, கணக்குப் பார்க்கிறவர்கள் என்பதால். சந்துக்குள் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் வராதவர்களாகவே இருக்கிறார்கள், தண்ணீர் லாரியிலிருந்து எல்லாவற்றிலும்.

இதை ஏட்டையாவிடம் சொன்னபோது அவர் உடனே மறுக்கவில்லை. மெயின் ரோட்டுக்குக் கார், சந்துக்கு மோட்டார் சைக்கிள் என்று பிரித்துக் கொடுத்தால் நல்லது என்றார். இப்போதும் ஓரளவு அப்படித்தான் நடக்கிறது என்றும் சொன்னார். மோட்டார் சைக்கிளுக்கு ஆள் போட்டால் காருக்கு ஆள் இல்லை, காருக்கு ஆள் போட்டால் ஸ்டேஷனில் பாராவுக்கு ஆள் இல்லை என்பது அவர் கவலை. இப்போது பேட்டரியில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்கள் வந்திருக்கின்றன, வெலோசெட்டைவிடவும் ஊமை. அவற்றைக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "நமக்குத் தெரு கேக்கும், சரி. தெருவுக்கு நாம வர்றது கேக்காதே. சீட்டாடுறவன் மடியில போயி நிக்கவா?" என்று சிரித்தார். பிறகு அவரே, ஒரு மணியைக் கட்டிவிட்டால் போகிறது என்றார். மெதுவாக வரும்போது மட்டும் அடிக்கிற மணி, குல்பி ஐஸ் வண்டிக்காரர் வைத்திருப்பது மாதிரி. அவர் அதை வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

டெண்டர் கோருவதற்கு முன்னால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, செலவும் அதிகமில்லை. வாங்க உத்தேசிக்கிற வண்டிகளில் வகைக்கு ஒன்றைக் கொண்டுவந்து, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கலாம். பகலில் அல்ல, நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவில். சந்து முனையில் ஒருவரை நிறுத்திக் கூப்பிடச் சொல்லி, கண்ணாடியை ஏற்றினால் எத்தனை அடியில் கேட்கிறது, பாதி இறக்கினால் எத்தனை அடியில் கேட்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்த பிறகு இடுப்பும் காலும் எப்படி இருக்கின்றன என்று கான்ஸ்டபிளைக் கேட்டு அதையும் குறித்துக்கொள்ளலாம். இரும்பைப் பற்றி உப்புக் காற்று தன் அபிப்பிராயத்தை ஒரே மாதத்தில் தெரிவித்துவிடும். கூப்பிடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஆயா வருவாள். காதில் தையல் ஆறிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.